வாசலில் ஓடும் எஞ்சின்

கிள்ளான்
14.4.2024

பொடிசு,

நான் இருக்கிறேன். கால் வீக்கம் காலையில் இறங்கி மாலையில் ஏறுகிறது, அவ்வளவுதான். நீ, புஷ்பவல்லி, மகள் ஷாமினி எல்லாரும் சுகமா? இன்று சித்திரை ஒன்று. உன் மாமா என்னை விட்டுப் போய் மூன்று மாதம்தான் ஆகிறது, இந்த வருடம் நமக்கு நல்ல நாள் கிடையாது. வாழ்த்துச் சொன்னதாக நினைத்துக்கொள்ளாதே.

என் கையெழுத்தைப் பார்த்ததும் அக்கா இறங்கி வந்துவிட்டாள் என்று சிரிக்காதே. பதினாறாம் நாள் காரியத்தில், இலை போடுவதற்கு முன்னால், அத்தனை பேர் நடுவில், "லோரிய வித்துடுக்கா, பொம்பளைக்கு எதுக்கு பத்து வீல் லோரி" என்றாய். நானும் மாமா படத்துக்கு முன்னால் எரிந்த விளக்கைத் தொட்டு, இனி உன்னோடு வாய் திறந்து பேச மாட்டேன், நீயும் என் வாசலில் கால் வைக்காதே என்றேன். சொன்னது சொன்னதுதான். இதில் வாய் இல்லை, கை மட்டும்தான். போனில் குரல் பதிந்து அனுப்பலாமே என்றாள் புஷ்பவல்லி. குரல் என்ன மூக்கிலிருந்தா வருகிறது? போனில் தமிழ் தட்ட, ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கு வராது. அதனால் கடிதம். நம் டிரைவர் பாலன் அண்ணன் சுங்கை வே வழியாகத்தான் போகிறார், உன் பட்டறையில் கொடுத்துவிடுவார்.

விஷயம் லோரி. மாமா ஓட்டிய பதினோரு வருடத்தில் அதன் டர்போவுக்கு ஒரு தும்மல் கூட வந்ததில்லை. அவர் போய் இரண்டே மாதத்தில் அது நடுரோட்டில் செத்தது. மேரு ரோட்டில் ஒரு பட்டறையில் புதியது போட்டேன். மூன்று வாரம் ஆகவில்லை, இதுவும் ஊளையிட ஆரம்பித்துவிட்டது. கூரை ஓடு ஏற்றுகிற ஷா ஆலம் கம்பெனியில் சூப்பர்வைசர் அப்துல் ரஹீம் நல்ல மனிதர். நல்ல மனிதரே சொல்லிவிட்டார், இன்னொரு முறை செமினிக்குப் போகிற ஓடு வழியில் நின்றால் யோசிக்க வேண்டியிருக்கும் என்று. அந்த வேலை போனால் லோரி போகும். லோரி போனால் நீ சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும். அது நடக்க நான் விட மாட்டேன்.

பேசாமல் வைத்தியம் சொல்.

உன் அக்கா
அமுதவள்ளி


பிரிக்பீல்ட்ஸ்
17.4.2024

அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் நலம். எனக்கு சுகர் கொஞ்சம் கூடியிருக்கிறது, புஷ்பா சோற்றைக் குறைத்துவிட்டாள். உன் காலுக்கு இரவில் தலையணை வைத்துப் படு.

முதலில் ஒன்று. கவர் மேல் "பொடிசு" என்று எழுதாதே. பாலன் அண்ணன் பட்டறை வாசலில் நின்று, "இங்க பொடிசு யாருங்க?" என்று கேட்டிருக்கிறார். எனக்கு வயது ஐம்பத்திரண்டு, எடை நூற்றுப் பத்து கிலோ. இப்போது எங்கள் சீன முதலாளி உட்பட எட்டுப் பேரும் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

வண்டியைப் பார்க்காமல் வைத்தியம் சொல்ல நான் என்ன சாமியாடியா? தெரிந்ததைச் சொல்கிறேன். டர்போ என்பது எஞ்சின் விடும் புகையாலேயே சுற்றும் காற்றாடி. ஒரு பக்கம் புகை அதைச் சுற்றும். மறுபக்கம் அது எஞ்சினுக்குள் காற்றை அழுத்தும். இரண்டுக்கும் நடுவில் சுண்டுவிரல் தடிமனில் ஒரு தண்டு. நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்குப் பக்கம் சுற்றுகிற அந்தத் தண்டு, மெல்லிய எண்ணெயின் மேல்தான் மிதக்கிறது. டர்போ தானாகச் சாகாது அக்கா. எண்ணெய் கிடைக்காமல் சாகும், தூசி தின்று சாகும், சூடு மிஞ்சிச் சாகும். எதனால் என்று கண்டுபிடிக்காமல் புதியது போட்டால், புதியதும் அதே வழியில் போகும்.

புகை என்ன நிறம்? ஊளை எப்போது வருகிறது? எண்ணெயும் காற்று வடிகட்டியும் எப்போது மாற்றினாய்? எழுது.

தம்பி
பரமேஸ்வரன் (பொடிசு இல்லை)


கிள்ளான்
25.4.2024

பொடிசு,

கவரில் உன் முழுப்பெயரை எழுதிவிட்டேன், உள்ளே என் இஷ்டம். கால் பரவாயில்லை. சோற்றைக் குறைத்தால் கோபம் கூடும், புஷ்பவல்லியிடம் சொல்.

புகை நீலம். சாம்பிராணி போட்டுக் கொஞ்ச நேரம் கழித்து வீட்டுக்குள் நிற்குமே, அந்த நிறம். ஊளை மேடு ஏறும்போது வருகிறது. கஜாங் பக்கம் மேட்டில் முன்னால் போன கார்கள் ஆம்புலன்ஸ் என்று நினைத்து ஒதுங்கி வழி விட்டனவாம். பாலன் அண்ணனுக்கு அதில் ஒரே பெருமை. எண்ணெய் தவணை தவறாமல் மாற்றுகிறேன். வடிகட்டி புதியது, நானே டார்ச் அடித்துப் பார்த்தேன், கிழிசல் இல்லை.

பாலன் அண்ணன் இதைத் திருஷ்டி என்கிறார். போன செவ்வாய்க்கிழமை எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து, வண்டிக்கு முன்னால் கட்டாமல், "நோவு எங்க இருக்கோ அங்கதான் கட்டணும்" என்று டர்போவிலேயே கம்பி போட்டுக் கட்டிவிட்டார். செமினி போய்த் திரும்புவதற்குள் அது வெந்து, தெரு முழுக்க ஊறுகாய் வாசனை. பக்கத்து வீட்டு மாரியாயி அக்கா கிண்ணம் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

உன் அக்கா
அமுதவள்ளி


பிரிக்பீல்ட்ஸ்
2.5.2024

அக்காவுக்கு,

நலம். கோபம் கூடியிருப்பது உண்மைதான்.

டர்போவில் எதையும் கட்டக்கூடாது என்று பாலன் அண்ணனிடம் சொல். மேடு ஏறிய டர்போ அடுப்புத் தணல் மாதிரி சிவந்திருக்கும். லோரி தீப்பிடிக்காமல் வந்ததே பெரிது.

நீலப் புகை என்றால் எண்ணெய் உள்ளே கசிந்து எரிகிறது. தண்டு தேய்ந்து ஆட ஆரம்பித்திருக்கும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, காற்றுக்குழாயைக் கழற்றி, நடுவில் இருக்கும் நட்டை விரலால் பிடித்து ஆட்டச் சொல். பக்கவாட்டில் துளி ஆடலாம். முன்னும் பின்னும் ஆடினாலோ, இறக்கை சுவரில் உரசினாலோ, அதற்கு மேல் ஒரு அடி கூட ஓட்டாதே. இறக்கை உடைந்தால் எஞ்சினும் சேர்ந்து போகும்.

இன்னொன்று. பாலன் அண்ணன் வண்டியை எப்படி ஓட்டுகிறார், எப்படி நிறுத்துகிறார்? அதையும் எழுது.

தம்பி
பரமேஸ்வரன்


கிள்ளான்
20.5.2024

பொடிசு,

நான் சுகம் என்று எழுத மனம் வரவில்லை. லோரி சுகமில்லை.

நட்டை ஆட்டிப் பார்க்க ஆள் வருவதற்குள் அதுவே ஆடி முடித்துவிட்டது. பதினாறாம் தேதி, அதே கஜாங் மேடு. ஊளை திடீரென்று நின்றதாம். சரியாகிவிட்டது என்று பாலன் அண்ணன் சாமிக்கு நன்றி சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் வந்த வண்டியே தெரியாத அளவுக்குப் புகை. நல்லவேளை, உடனே ஓரங்கட்டிவிட்டார். எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லையாம்.

அப்துல் ரஹீம் நேரில் வந்தார். மாமாவைப் பற்றி நல்ல வார்த்தை பேசி, நான் போட்ட தேத்தண்ணியையும் குடித்துவிட்டு, ஜூன் கடைசி வரை வேறு லோரியை வைத்துச் சமாளிப்பதாகச் சொன்னார். அதற்குள் நம் லோரி ஒழுங்காக ஓடவில்லை என்றால் அந்த வேறு லோரியே நிரந்தரம். மேரு பட்டறைக்காரர் இன்னொரு புது டர்போ போடலாம் என்கிறார். மூன்றாவது.

லோரி படுத்துவிட்டதால் இது தபாலில் வருகிறது. எப்போது கிடைக்குமோ.

உன் அக்கா
அமுதவள்ளி


பிரிக்பீல்ட்ஸ்
29.5.2024

அக்காவுக்கு,

நலம். உன் கடிதம் கிள்ளானிலிருந்து இங்கே வர ஒன்பது நாள் எடுத்தது. நோயில் கிடந்த லோரி இதைவிட வேகம். அதனால் இதைப் புஷ்பா தம்பியிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

மூன்றாவது டர்போவைப் போட விடாதே. செத்ததைத் திறந்து பார்க்காமல் காரணம் தெரியாது. அதைச் சனிக்கிழமை யாரிடமாவது கொடுத்து வீட்டுக்கு அனுப்பு. அதோடு சேர்ந்திருக்கும் எண்ணெய்க் குழாயையும் கழற்றி அனுப்பு, அதுதான் முக்கியம். நீயே கொண்டு வந்தாலும் பயப்படாதே, நான் வேலைக்குப் போயிருப்பேன்.

ஒரு கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை.

தம்பி
பரமேஸ்வரன்


பிரிக்பீல்ட்ஸ், உன் வீட்டுச் சாப்பாட்டு மேசை
1.6.2024

பொடிசு,

வேலைக்குப் போயிருப்பேன் என்று எழுதிவிட்டு, கதவைத் திறந்ததும் சாரம் கட்டிக்கொண்டு நிற்கிறாய். பொய்யன். உனக்கு எதிரே உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். நீ வாய் திறந்து கேட்டது எதுவும் என் காதில் விழவில்லை. புஷ்பவல்லி தாளும் பேனாவும் கொடுத்துவிட்டுத் திரும்பி நின்று சிரிக்கிறாள், அதுவும் தெரிகிறது.

நத்தை மாதிரி சுருண்ட இந்த டர்போவுக்குப் பதினைந்து கிலோவாவது இருக்கும். துண்டில் சுற்றி, காய்கறி வாங்கும் பாசார் தள்ளுவண்டியில் வைத்து, கிள்ளானிலிருந்து ரயிலில் பெண்கள் பெட்டியில் கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த மலாய்ப் பெண் குழந்தையோ என்று எட்டிப் பார்த்தாள். துண்டெல்லாம் எண்ணெய். "என் வீட்டுக்காரரோடது" என்று சொன்னேன். அவள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

சீக்கிரம் திறந்து பார். குழாய் தள்ளுவண்டியின் அடியில் இருக்கிறது.

அக்கா


அதே மேசை
1.6.2024

அக்கா,

பார்த்துவிட்டேன். நீயும் பார்த்தாய், ஆனாலும் எழுதித்தான் ஆகவேண்டுமாம்.

இறக்கையில் தூசி தின்ற தழும்பு இல்லை. ஆக, வடிகட்டி குற்றவாளி இல்லை. தண்டு நீலம் பாய்ந்து கறுத்திருக்கிறது, எண்ணெய் இல்லாமல் உரசிய அடையாளம். இப்போது குழாயின் ஓட்டையைப் பார். பால்பாயிண்ட் முனை கூட நுழையவில்லை. உள்ளே எண்ணெய் கருகி, அடிப்பிடித்த சட்டி மாதிரி கெட்டியாகிவிட்டது. முதல் டர்போ செத்தபோதே மேரு பட்டறைக்காரர் இந்தக் குழாயை மாற்றியிருக்கவேண்டும். புது டர்போவைப் பழைய குழாயில் மாட்டிவிட்டார். அதனால்தான் இரண்டாவது இன்னும் சீக்கிரம் செத்தது.

ஆனால் குழாய் முதலில் ஏன் அடைத்துக்கொண்டது? பாரம் ஏற்றி வேகமாக வந்த லோரியின் எஞ்சினை, நின்ற உடனே சாவியைத் திருப்பி அடைத்தால் இப்படித்தான் ஆகும். எண்ணெய் பம்பு நின்றுவிடும், சிவந்த டர்போ மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும், உள்ளே தேங்கிய எண்ணெய் அப்படியே கருகும். வந்து நின்ற பிறகும் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, சூடு இறங்கிய பிறகுதான் அடைக்கவேண்டும். மாமா எப்போதும் அப்படித்தான் செய்வார்.

வீட்டுக்கு வந்ததும் யார் அதை உடனே அடைப்பது?

பரமேஸ்வரன்


அதே மேசை

தெரியாது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. டர்போவை நீயே வைத்துக்கொள்.

அக்கா


பிரிக்பீல்ட்ஸ்
4.6.2024

அக்காவுக்கு,

சுகமாகப் போய்ச் சேர்ந்தாயா? புஷ்பா வடை சுட்டுக்கொண்டிருக்கும்போதே கிளம்பிவிட்டாய். குடையை மறந்துவிட்டாய். தள்ளுவண்டியையும்.

உடனே அடைப்பது டிரைவர்தான், வேறு யார்? பாலன் அண்ணன் நல்ல மனிதராக இருக்கலாம், ஆனால் இரண்டு டர்போவைக் கொன்றிருக்கிறார். அவரை நிறுத்திவிடு. எனக்குத் தெரிந்த டிரைவர் தனேஷ் என்று ஒருவர் செமினியிலேயே இருக்கிறார், இதெல்லாம் முறையாகப் படித்தவர். நீ சரி என்றால் புதுக் குழாயும் டர்போவும் வாங்கி, லோரியை மாதக் கடைசிக்குள் ஓடவிடலாம். பதில் போடு.

தம்பி
பரமேஸ்வரன்


பிரிக்பீல்ட்ஸ்
14.6.2024

அக்காவுக்கு,

நலமா? பத்து நாளாகப் பதில் இல்லை. மாரியாயி அக்காவுக்குப் போன் போட்டேன், நீ வாசலில் துணி காய வைப்பதாகச் சொன்னார். உயிரோடு இருக்கிறாய், அது போதும்.

ஜூன் முடியப்போகிறது. தனேஷிடம் என்ன சொல்ல?

பரமேஸ்வரன்


கிள்ளான்
17.6.2024

பொடிசு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. தூக்கம்தான் இல்லை. நீங்கள் மூவரும் சுகமாக இருங்கள்.

தனேஷ் வேண்டாம். நேற்றுப் பாலன் அண்ணனைக் கூப்பிட்டேன். வேலை இல்லாத இந்த ஒரு மாதமும் அவர் நாள் தவறாமல் வந்து, ஓடாத லோரியைத் துடைத்துவிட்டுப் போகிறார். எப்படிச் சொல்வது என்று தெரியாமல், டர்போ செத்ததற்கு டிரைவர்தான் காரணம் என்று தம்பி சொல்கிறான் என்றேன். அவர் கொஞ்ச நேரம் துணியைப் பிழிந்துகொண்டே இருந்தார். பிறகு சாவியை எடுத்து என் கையில் வைத்து, "சரிக்கா. நான்தான்னே இருக்கட்டும்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்துவிட்டார்.

அந்த மனிதர் தெருமுனை போவதற்குள் நான் ஓடிப்போய்ச் சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். கால் வீங்கிய பிறகு இப்போதுதான் ஓடியிருக்கிறேன்.

அவர் இல்லைடா. நான்தான்.

மாமா சாயங்காலம் ஓடு ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினால் இறங்க மாட்டார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும், அவரும் உள்ளே உட்கார்ந்திருப்பார். பதினைந்து நிமிடம். எனக்கு எப்படித் தெரியும் என்றால், சத்தம் கேட்டதும் தேத்தண்ணி போடுவேன், அவர் வருவதற்குள் அது ஆறிப்போய் மறுபடி சுடவைப்பேன். பதினோரு வருடமும் இதற்குச் சண்டைதான். "உள்ள வர மனசில்லன்னா அங்கயே பாயப் போட்டுப் படுங்க" என்று கத்துவேன். அவர் உள்ளிருந்து கையை மட்டும் தூக்கிக் காட்டுவார். டர்போவுக்காக என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எவ்வளவு சண்டை மிச்சமாகியிருக்கும்.

அவர் போன பிறகு பாலன் அண்ணனும் அதே மாதிரிதான் ஓடவிட்டார், மாமாவிடம் பார்த்துப் பழகியவர்தானே. அந்தச் சத்தம் வாசலில் கேட்டதும் என் கை தானாக அடுப்பைப் பற்றவைக்கிறது. இரண்டு தடவை இரண்டு கோப்பை ஊற்றிவிட்டேன். மூன்றாவது நாள் வாசலுக்குப் போய், வந்ததும் அடைங்க அண்ணே, ஒரு நொடி கூட ஓட வேண்டாம் என்று சொன்னேன். டர்போ கெட்டுப்போகும்க்கா என்றார். நான் அழுதேன். அன்றிலிருந்து வந்ததும் சாவியைத் திருப்பி அடைத்துவிடுவார். உன்னிடம் கூட இதைச் சொல்லவில்லை பார்.

நீ கேட்டபோதெல்லாம் எழுத வெட்கமாக இருந்தது. இப்போதும் வெட்கம்தான். குழாயை மாற்று.

உன் அக்கா
அமுதவள்ளி


பிரிக்பீல்ட்ஸ்
20.6.2024

அக்காவுக்கு,

சாப்பிட்டாயா? தூங்கு.

பாலன் அண்ணனிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். நேரிலும் கேட்பேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உன் வாசலில் கால் வைக்க மாட்டேன், லோரி கேட்டுக்கு வெளியேதான் நிற்கிறது. புதுக் குழாய், புது டர்போ, புது எண்ணெய், புது வடிகட்டி எல்லாம் கொண்டு வருவேன். பழைய டர்போவின் உடைந்த துண்டு காற்றுக்குழாயில் கிடந்தால் புதியதையும் எஞ்சினையும் கெடுக்கும், அதனால் எல்லாவற்றையும் கழற்றிக் கழுவ வேண்டும். புது டர்போவுக்குள் கையால் எண்ணெய் ஊற்றிய பிறகுதான் ஸ்டார்ட் செய்வேன். அரை நாள் ஆகும்.

அதன் பிறகு உன் பொறுப்பு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் மிதிக்காமல் மூன்று நிமிடம். மாலையில் வந்து நின்ற பிறகு ஐந்து நிமிடம். கடிகாரம் பார்த்து ஐந்து போதும், அதற்கு மேல் ஓடினால் டீசல்தான் வீண், டர்போவுக்கு ஒரு நன்மையும் இல்லை. அந்த ஐந்து நிமிடமும் சத்தம் கேட்கும் அக்கா. உன்னால் முடியவில்லை என்றால், தெருமுனையில் நிறுத்தி ஆறவைத்துவிட்டு வரச் சொல்.

அன்று லோரியை விற்கச் சொன்னது உன்னால் முடியாது என்று இல்லை. அது எங்கள் பட்டறை வழியாகப் போகும், கையைத் தூக்கிக் காட்ட மாமா இருக்க மாட்டார். அதை நான் எப்படிப் பார்ப்பது என்றுதான். அதைச் சொல்லத் தெரியாமல் வேறு எதையோ சொல்லிவிட்டேன்.

தம்பி
பரமேஸ்வரன்


கிள்ளான்
14.7.2024

பொடிசு,

கால் வீக்கம் வடிந்துவிட்டது. சுகர் எப்படி? அன்று கேட்டுக்கு மேலே பாலன் அண்ணன் கையில் கொடுத்தனுப்பிய கோழிக்குழம்பை நீ மூன்று தட்டு சாப்பிட்டதைப் புஷ்பவல்லியிடம் நான் சொல்லவில்லை. நீயும் பாலன் அண்ணனும் லோரிக்கு அடியில் படுத்துக்கொண்டு ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டதைத் தெருவே கேட்டது.

மூன்று வாரமாக லோரி ஓடுகிறது. ஊளை இல்லை, புகை இல்லை. அப்துல் ரஹீம் மற்ற லோரியைத் திருப்பி அனுப்பிவிட்டார். கஜாங் மேட்டில் இப்போது யாரும் வழி விடுவதில்லை என்று பாலன் அண்ணனுக்குத்தான் குறை. வாசலில் கால் வைக்காதே என்றதை எடுத்துக்கொள்கிறேன், அடுத்த தடவை உள்ளே வந்து உட்கார்ந்து சாப்பிடு. பேசுவதைப் பற்றி இன்னும் முடிவு செய்யவில்லை. விளக்கைத் தொட்டுச் சொன்னது, கொஞ்சம் நாள் கொடு.

தெருமுனையில் நிறுத்தச் சொல்லவில்லை. வாசலிலேயே ஓடட்டும் என்றேன். பாலன் அண்ணனை இறங்கிப் போகச் சொல்லிவிட்டு நானே ஏறி உட்கார்ந்துகொள்கிறேன். சாவியைத் திருப்பி அடைக்க அவர் சொல்லிக் கொடுத்தார். முதல் நாள் ஏறவே மாரியாயி அக்கா பின்னாலிருந்து தள்ளவேண்டியிருந்தது. அந்த சீட்டு இன்னும் மாமா உட்கார்ந்த மாதிரியே ஒரு பக்கம் அமுங்கியிருக்கிறது. அங்கிருந்து பார்த்தால் நம் குசினி ஜன்னல் நேராகத் தெரிகிறது, அடுப்பு, கோப்பை, நான் நிற்கிற இடம் எல்லாம். மேலே இத்தனை ஒட்டடை இருக்கிறது என்று பதினோரு வருடத்தில் அந்த மனிதர் ஒரு நாள் கூடச் சொல்லவில்லை.

போனில் மணி பார்த்து, ஐந்து நிமிடம் ஆனதும் அடைத்துவிடுகிறேன். நீ சொன்னபடி ஐந்துதான். ஆனால் நேற்று அடைத்த பிறகும் இறங்காமல் அங்கேயே இருந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். உனக்கு இந்த வேலையில் முப்பது வருட அனுபவம், அதனால் உன்னைக் கேட்கிறேன். ஐந்து நிமிடம் டர்போவுக்கு. மாமா உட்கார்ந்திருந்த மீதி பத்து நிமிடம் எதுக்குடா?

உன் அக்கா
அமுதவள்ளி